அணைக்கட்டின் அடியில் பிருந்தாவனம் கண்ட திவான்!

வைகை அணையைப் பார்க்காதவர் தேனிச் சீமையில் யார் இருக்கிறார்கள்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றுலா போவது அங்கே. கல்யாணமான புதிதில் மாப்பிள்ளையும் பெண்ணும் போவது அங்கே. புளியோதரை கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய், ஒரு பொழுதைச் சந்தோஷமாகக் கழித்துவிட்டு வருவதும் அங்கேதான்.

அந்த அணையின் பூங்காவுக்குச் "சின்ன பிருந்தாவனம்" என்று ஒரு செல்லப் பெயர் உண்டு.

அப்படியானால் பெரிய பிருந்தாவனம் எது?

மைசூருக்கு அருகில், கண்ணம்பாடியில் இருக்கிறது அது. கிருஷ்ணராஜ சாகர் அணைக்கட்டின் அடியில், காவிரிக் கரையில் இருக்கிறது.

அதை உண்டாக்கியவர் மன்னர் அல்ல. எஞ்சினீயரும் அல்ல. தோட்டக்கலை படித்தவரும் அல்ல. ஈரானில் இருந்து குதிரை விற்க வந்த ஒரு வியாபாரியின் பேரன்! அவர்தான் சர் மிர்சா இஸ்மாயில்.

1959-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி அவர் காலமானார். அதே மாதம் 21-ந் தேதி முதல்-மந்திரி காமராஜர் வைகை அணையைத் திறந்து வைத்தார். பெரிய பிருந்தாவனத்தைக் கண்டவர் கண்ணை மூடிய 16 நாட்களில், சின்ன பிருந்தாவனத்தின் அணை திறந்தது!

ஒரு பூங்காவைப் பார்த்து மற்றொரு பூங்கா அமைக்கிறார்கள். இரண்டிலும் மரம் உண்டு, பூ உண்டு, நீரூற்று உண்டு. ஆனால், ஒன்று ஊரை இழுக்கிறது; மற்றொன்று சில வருடங்களில் களை இழந்து விடுகிறது. காரணம் என்ன? மிர்சா இஸ்மாயிலின் வாழ்க்கையே அதற்குப் பதில் சொல்லும்.

குதிரை வியாபாரியின் பேரன்

ஈரானில் ஷிராஸ் என்று ஒரு நகரம். ரோஜாப் பூவுக்கும், தோட்டங்களுக்கும், கவிதைக்கும் பேர் போன ஊர். அங்கே பிறந்தவர் அலி அஸ்கர். 1824-ம் ஆண்டில் அவர் குதிரைகளோடு பெங்களூர் வந்து சேர்ந்தார்.

வந்த இடத்தில் வியாபாரம் செழித்தது. வெள்ளைக்கார அதிகாரிகளின் நம்பிக்கையைப் பெற்றார். பெங்களூரில் பெரிய பங்களாக்களைக் கட்டிக் கொடுத்தார். அவர் பெயரால் ஒரு சாலை இன்றும் அந்த நகரில் இருக்கிறது.

அவருடைய பேரனாக 1883-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பிறந்தார் மிர்சா இஸ்மாயில்.

ஷிராஸ் நகரின் தோட்டங்களைப் பேரன் சின்ன வயதில் கண்டதில்லை. ஆனால், தோட்டத்தின் மீது இருந்த ஆசை மட்டும் அவர் ரத்தத்தில் ஊறி இருந்தது போலும்!

மன்னரின் பள்ளித் தோழர்

மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையார் 1894-ம் ஆண்டின் கடைசியில் திடீரென்று காலமானார். பட்டத்துக்கு உரிய மகன் கிருஷ்ணராஜ உடையாருக்கு அப்போது வயது 10 தான். தாயார் பிரதிநிதியாக இருந்து ராஜ்யத்தைக் கவனித்தார். மகனுக்குப் பாடம் சொல்ல ஸ்டூவர்ட் பிரேசர் என்ற ஆங்கிலேயர் நியமிக்கப்பட்டார்.

இளவரசர் தனியாகப் படித்தால் உலகம் தெரியாது அல்லவா? ஆகவே, நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் சிலரையும் கூடச் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். அவர்களில் ஒருவர் மிர்சா.

ஒரே பாடம், ஒரே விளையாட்டு. மன்னர் இந்து, தோழர் முஸ்லிம். அந்த நட்பு மன்னரின் கடைசி மூச்சு வரை நீடித்தது.

மிர்சா பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். சிறிது காலம் போலீஸ் உத்தியோகம் பார்த்தார். பிறகு அரண்மனை அவரை அழைத்துக் கொண்டது. படிப்படியாக உயர்ந்து மன்னரின் அந்தரங்கச் செயலாளர் ஆனார்.

1926-ம் ஆண்டு மே மாதம் மைசூர் சமஸ்தானத்தின் திவான் பதவி அவரைத் தேடி வந்தது. திவான் என்றால் இந்தக் காலத்து முதல்-மந்திரி போல. அப்போது அவருக்கு வயது 42.

கண்ணம்பாடியில் ஓர் அணை

அவர் பதவி ஏற்றபோது கண்ணம்பாடியில் பெரிய வேலை ஒன்று நடந்து கொண்டு இருந்தது. காவிரியின் குறுக்கே அணை கட்டும் வேலை. 1911-ம் ஆண்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கர்த்தா, புகழ் பெற்ற எஞ்சினீயர் விசுவேசுவரய்யா. முதலில் தலைமை எஞ்சினீயராகவும், 1912 முதல் 1918 வரை திவானாகவும் இருந்து அந்த அணைக்கு உயிர் கொடுத்தவர் அவர்.

தமிழ்நாட்டுக்கு இந்த அணை புதிது அல்ல. இதன் முழு மட்டம் 124.80 அடி. ஒவ்வொரு கோடையிலும் காவிரித் தண்ணீர் பற்றிப் பேச்சு எழும்போது தமிழர்கள் கேட்கும் எண் அது. வைகைக்கு 71 அடி எப்படியோ, கண்ணம்பாடிக்கு 124.80 அடி அப்படி!

எந்த அணையைக் கட்டினாலும், கட்டி முடித்த பிறகு அதன் அடிவாரம் அலங்கோலமாகத்தான் கிடக்கும். கல் உடைத்த பள்ளம், மண் எடுத்த குழி, வேலைக்காரர் குடிசை போட்ட தடம் எல்லாம் அப்படியே இருக்கும். எஞ்சினீயர்களுக்கு அணை முக்கியம். மற்றவர்களுக்குத் தண்ணீர் முக்கியம். அடிவாரத்தை யார் பார்க்கிறார்கள்?

மிர்சா பார்த்தார்!

காஷ்மீரத்தின் சாயல்

1619-ம் ஆண்டில் மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் காஷ்மீரத்தில் ஷாலிமார் தோட்டத்தை அமைத்தார். அது சமதரைத் தோட்டம் அல்ல. மலைச் சரிவைப் படிப்படியாக வெட்டி, நடுவில் வாய்க்கால் ஓட விட்டு, ஒரு படியில் இருந்து அடுத்த படிக்குத் தண்ணீர் சலசலத்து விழும்படி செய்த தோட்டம். பேரரசரும் பேரரசியும் உலாவுவதற்காக ஏற்பட்டது.

அந்த முறையை மிர்சா கண்ணம்பாடிக்குக் கொண்டு வந்தார். அணையின் அடிவாரமும் சரிவுதான். தண்ணீருக்கும் பஞ்சம் இல்லை. இயற்கை கொடுத்த சரிவையும், எஞ்சினீயர் கொடுத்த தண்ணீரையும் சேர்த்துத் தோட்டமாக்கினால் என்ன என்று எண்ணினார்.

இந்த வேலைக்குச் சரியான ஆளும் கிடைத்தார். அவர் பெயர் கிரும்பீகல். ஜெர்மனியில் பிறந்தவர். லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பழகியவர். பரோடா மன்னரிடம் இருந்துவிட்டு, 1908-ம் ஆண்டில் மைசூர் வந்து, பெங்களூர் லால்பாக் தோட்டத்தைக் கவனித்து வந்தவர்.

1927-ம் ஆண்டில் வேலை தொடங்கியது. 1932-ம் ஆண்டில் முடிந்தது. சுமார் 60 ஏக்கர் நிலத்தில் படிப்படியாக இறங்கியது தோட்டம். நடுவில் வாய்க்கால், வரிசையாக நீரூற்றுகள், இரு பக்கமும் வெட்டிச் சீராக்கிய செடிகள், பூப்பாத்திகள்!

மன்னரின் பெயரால் கிருஷ்ணராஜேந்திரா படித்தோட்டம் என்று முதலில் அழைத்தார்கள். பிறகு பிருந்தாவனம் என்ற பெயர் நிலைத்தது. ஒரு முஸ்லிம் திவான் அமைத்த தோட்டத்துக்குக் கண்ணன் விளையாடிய இடத்தின் பெயர்!

பகலில் பார்ப்பது பாதிதான். இருட்டிய பிறகுதான் முழு அழகும். நீரூற்றுகளுக்குள் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று மின்சார விளக்குகள் எரியும். அந்தக் காலத்தில் மின்சார விளக்கையே பார்த்திராத கிராமங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அந்தக் கிராமத்து மக்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து, தண்ணீர் வண்ணம் மாறுவதைக் கண்டால் எப்படி இருந்திருக்கும்!

ஷாலிமார் தோட்டம் பேரரசருக்கு ஏற்பட்டது. பிருந்தாவனம் ஊர் மக்களுக்கு ஏற்பட்டது. அதுதான் மிர்சா செய்த பெரிய மாற்றம்.

பூ முக்கியமா, சோறு முக்கியமா?

ஏழை நாட்டில் நீரூற்றும் வண்ண விளக்கும் தேவையா? எந்த ஆட்சியாளர் பூங்கா அமைத்தாலும் இந்தக் கேள்வி எழும். நியாயமான கேள்விதான்.

மிர்சாவின் பதில் அவருடைய மற்ற வேலைகளில் இருக்கிறது. பிருந்தாவனம் முடிந்த அதே காலத்தில், அதே அணையின் கால்வாய் மாண்டியா நிலங்களுக்குப் பாய்ந்தது. புன்செய்க் காடு கரும்புத் தோட்டம் ஆயிற்று. 1933-ல் மாண்டியாவில் சர்க்கரை ஆலை வந்தது. 1936-ல் பத்ராவதியில் காகித ஆலைக் கம்பெனி ஏற்பட்டது. தொழில் அதிபர் வால்சந்து ஹிராசந்து 1940-ல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கியபோது, மைசூர் அரசு அதில் பங்கு போட்டது.

முதலில் வயலுக்குத் தண்ணீர், வயிற்றுக்குச் சோறு. அதன் பிறகு கண்ணுக்கு அழகு. ஆனால், அந்த அழகைக் கடைசியில் பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போடவும் இல்லை. இதுதான் அவர் கணக்கு.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். 1895-ல் பென்னி குயிக் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் அந்தத் தண்ணீரில் இரு போகம் விளைகிறது. அந்த வயல்களைக் கடந்து வரும் தண்ணீர்தான் வைகை அணையில் தேங்குகிறது. அங்கேயும் முதலில் வயல், பிறகுதான் பூங்கா.

குப்பையைக் கண்டால் விடமாட்டார்!

திவான் ஆனவர்கள் மேஜை முன் உட்கார்ந்து கோப்பு பார்ப்பது வழக்கம். மிர்சாவின் வழக்கம் வேறு. காலையில் குதிரை மீது ஏறி ஊரைச் சுற்றி வருவார். பிற்காலத்தில் காரில் போவார்.

எங்கே குப்பை கிடக்கிறது, எந்தச் சாலையில் மரம் பட்டுப் போயிற்று, எந்த விளக்கு எரியவில்லை என்று கவனிப்பார். கண்ணில் பட்டதை உடனே சம்பந்தப்பட்ட அதிகாரிக்குத் தெரிவிப்பார். சொன்னதோடு விட மாட்டார். செய்தார்களா என்று மறுபடியும் போய்ப் பார்ப்பார்.

பெங்களூரும் மைசூரும் பூங்கா நகரங்கள் என்று பெயர் வாங்கியதில் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

உலகப் புகழ் பெற்ற உல்லாசப் பூங்காக்களின் ரகசியமும் இதுவே. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி 1955-ம் ஆண்டில் டிஸ்னிலாந்தைத் திறந்தார். அதற்கு முன் அங்கே கேளிக்கை இடங்களுக்குக் குறைவா? ராட்டினமும் ரெயிலும் எங்கும் இருந்தன. ஆனால், பல இடங்களில் குப்பையும் கூச்சலும் மண்டிக் கிடந்தன. டிஸ்னி 1951-ல் டென்மார்க் போய், கோபன்ஹேகன் நகரின் டிவோலி தோட்டத்தைப் பார்த்தார். அதன் துப்புரவும், விளக்கும், பூச்செடியும், குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து இருந்த மக்களும் அவர் மனத்தைக் கவர்ந்தன. குப்பை இல்லாத பூங்கா என்பதே டிஸ்னிலாந்தின் முதல் விளம்பரமாக அமைந்தது.

டிஸ்னிக்கு 23 வருடங்களுக்கு முன்பே கண்ணம்பாடியில் அந்தப் பாடத்தைச் செய்து காட்டியவர் மிர்சா!

உல்லாசம் மட்டும் போதுமா?

டிவோலி தோட்டத்தை 1843-ல் ஏற்படுத்தியவர் ஜார்ஜ் கார்ஸ்டென்சன். மக்கள் உல்லாசமாக இருந்தால் அரசியல் பேச மாட்டார்கள் என்று எடுத்துச் சொல்லி அவர் மன்னரிடம் அனுமதி வாங்கினார் என்பார்கள்.

மைசூரில் அந்தத் தந்திரம் பலிக்கவில்லை.

1928-ல் பெங்களூர் சுல்தான்பேட்டையில், பள்ளிக்கூடத்துப் பிள்ளையார் சிலை காரணமாகக் கலவரம் மூண்டது. திவான் முஸ்லிம் என்பதையும் சிலர் பேச்சில் இழுத்தார்கள். விசுவேசுவரய்யா தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

1938-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் விதுராசுவத்தம் என்ற ஊரில் காங்கிரஸ்காரர்கள் தடையை மீறிக் கொடி ஏற்றக் கூடினார்கள். போலீஸ் சுட்டது. உயிர்கள் பலி ஆயின. நாடு முழுவதும் கொதித்தது. சர்தார் பட்டேல் வந்து பேசி, மிர்சாவோடு ஓர் உடன்பாடு கண்டார்.

மிர்சாவின் ஆட்சியில் அது கறுப்பு நாள். பிருந்தாவனத்தில் விளக்கு எரிந்த அதே ராஜ்யத்தில், தங்களைத் தாங்களே ஆள வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். பூங்கா மக்களுக்கு மகிழ்ச்சி கொடுக்கலாம். உரிமைக்கு அது ஈடு ஆகாது. திறமைசாலியான அந்தத் திவானுக்கும் இந்தப் பாடம் கசப்பாகத்தான் கிடைத்தது.

ஊர் மாறினாலும் ஆசை மாறவில்லை

1940-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி மன்னர் கிருஷ்ணராஜ உடையார் காலமானார். பள்ளித் தோழர் போய்விட்டார். புது மன்னரின் காலத்தில் மிர்சாவுக்கு மைசூர் ஒத்து வரவில்லை. 1941-ல் பதவியை விட்டு விலகினார்.

15 வருடம் ஆண்ட ஊரை விட்டுப் போவது எளிதா? ஆனால், அவர் சும்மா இருக்கவில்லை. 1942-ல் ஜெய்ப்பூர் சமஸ்தானம் அவரைப் பிரதம மந்திரியாக அழைத்தது. இளஞ்சிவப்பு நகரம் என்று பெயர் பெற்ற அந்த ஊரிலும் சாலையை அகலப்படுத்தினார், மரம் வைத்தார், பழைய அழகைப் புதுப்பித்தார். ஜெய்ப்பூரின் முக்கியமான கடைத்தெருவுக்கு இன்றும் அவர் பெயர்தான். எம்.ஐ. ரோடு என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

1946-ல் ஐதராபாத் நிஜாம் அழைத்தார். அங்கே காற்று வேறு மாதிரி வீசியது. இந்திய யூனியனோடு இணங்கிப் போவதே நல்லது என்பது மிர்சாவின் கருத்து. தீவிரவாதிகள் அதை எதிர்த்தார்கள். 1947-ல் அவர் விலகிவிட்டார். 1948-ல் இந்தியப் படை ஐதராபாத்தில் நுழைந்தது. மிர்சாவின் பேச்சைக் கேட்டிருந்தால் எத்தனையோ உயிர்ச் சேதத்தைத் தவிர்த்து இருக்கலாம்.

பிறகு பெங்களூர் திரும்பினார். 1954-ல் தம் பொதுவாழ்வு பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். 75 வயது நிறைந்த சில மாதங்களில், 1959 ஜனவரியில் அவர் வாழ்வு முடிந்தது.

எது சிறந்த பூங்கா?

பிருந்தாவனத்தின் புகழ் பரவியது. தமிழ்ப் படங்களின் காதல் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. அதைப் பார்த்து நாடு முழுவதும் அணைகளின் அடியில் பூங்காக்கள் முளைத்தன. கேரளத்தில் 1955-ல் திறக்கப்பட்ட மலம்புழை அணையில் ஒன்று. மராட்டியத்தில் பைட்டண் அருகே ஒன்று. தேனிப் பக்கம் வைகை அணையில் ஒன்று.

இப்போது போட்டி இன்னும் பெரிது. பெங்களூரில் இருந்து மைசூர் போகும் வழியில், பிடதியில் 2005-ல் வொண்டர்லா திறந்தது. மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் அதிசயம் பூங்கா வந்தது. தலைகீழாகச் சுற்றும் ராட்டினமும், செயற்கை அலையும், வழுக்கு மரம் போன்ற நீர்ச்சறுக்கும் பிள்ளைகளை இழுக்கின்றன.

எது சிறந்தது? அளந்து பார்க்க நான்கு கோல்கள் உண்டு.

முதலாவது, அந்த இடத்துக்கே உரிய ஒன்று அங்கே இருக்க வேண்டும். ராட்டினத்தை லாரியில் ஏற்றி எந்த ஊருக்கும் கொண்டு போகலாம். சித்திரையில் வீரபாண்டி கவுமாரியம்மன் திருவிழாவுக்கு வரும் ராட்டினம், திருவிழா முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விடும். முல்லையாறு போகாது, மேற்கு மலை போகாது. கண்ணம்பாடியின் சரிவையும் தண்ணீரையும் மிர்சா பயன்படுத்தியது போல, உள்ளூர்ச் செல்வத்தைப் பயன்படுத்துகிற பூங்காவே நிலைக்கும்.

இரண்டாவது, பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே இடத்தில் பொழுது போக வேண்டும். பேரன் மட்டும் சுற்ற, பாட்டி வெயிலில் பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்து இருந்தால் அது பாதிப் பூங்காதான்.

மூன்றாவது, கூலிக்காரர் குடும்பமும் கணக்குப் பார்க்காமல் உள்ளே போகும்படி கட்டணம் இருக்க வேண்டும். பெரிய ராட்டினங்களுக்குப் பெரிய செலவு. அதனால் பெரிய கட்டணம். அது வியாபாரம், தவறு இல்லை. ஆனால், நாலு பேர் உள்ள குடும்பம் வாசலில் நின்று மடியை அவிழ்த்துப் பார்க்கிற இடத்தில், உல்லாசம் பாதி அங்கேயே போய்விடும். அரசாங்கப் பூங்காவின் பலம் இந்த இடத்தில்தான்.

நான்காவதுதான் மிகவும் முக்கியம். தினமும் யாராவது ஒருவர் வந்து பார்க்க வேண்டும். பூங்காவைத் திறப்பது ஒரு நாள் வேலை. வைத்துக் காப்பாற்றுவது ஆயுள் முழுவதும் செய்யும் வேலை. நீரூற்று நின்று போயிற்று, சிலை உடைந்து விட்டது என்று வைகை அணைப் பூங்காவைப் பற்றிப் பல முறை பத்திரிகைகளில் செய்தி வந்தது உண்டு. அழகில் குறைந்ததால் வந்த குறை அல்ல அது. பின்னணியில் மலை, இரு கரையிலும் பூங்கா, நடுவில் ஆறு! இயற்கை அள்ளிக் கொடுத்ததில் சின்ன பிருந்தாவனம் பெரிய பிருந்தாவனத்துக்குச் சளைத்தது அல்ல.

முதல் மூன்று கோல்களிலும் அது தேறிவிடும். நான்காவது கோலில்தான் சோதனை.

மிர்சா இஸ்மாயில் வைத்த செடிகளில் பல பட்டுப் போய் இருக்கும். அவர் போட்ட விளக்குகளை எத்தனையோ முறை மாற்றி இருப்பார்கள். ஆனாலும் பிருந்தாவனம் இருக்கிறது. பட்ட செடியின் இடத்தில் மறு செடி வைக்க ஆள் இருந்தால், ஒரு பூங்காவுக்குச் சாவே கிடையாது.